ஃப்ளூ ஊசி போட்ட தோளுக்கு நஷ்டஈடு கேட்ட கதை

அமெரிக்காவில் ஃப்ளூ ஊசி போட்ட பிறகு தோள்பட்டை மாதக்கணக்கில் வலித்து, கையைத் தூக்க முடியாமல் போனால், அதற்கென்றே இருக்கும் ஓர் அரசுத் திட்டத்திலிருந்து நஷ்டஈடு கேட்கலாம். ஊசி போட்டவர் மேல் கேஸ் போட வேண்டியதில்லை, வக்கீலுக்குக் கைக்காசு கொடுக்க வேண்டியதில்லை, அமெரிக்கக் குடியுரிமையும் தேவையில்லை. நான் பேசிய நம் ஆட்கள் யாருக்குமே இது தெரிந்திருக்கவில்லை. என் கேஸ் முடிந்துவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டதிலிருந்து ஆளாளுக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். இதைத் தடுப்பூசி எதிர்ப்புப் பிரசாரத்துக்கு ஃபார்வர்டு பண்ணலாம் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இன்றும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறேன், இப்போது இடது கையில். இந்தத் திட்டத்தில் இதுவரை நஷ்டஈடு பெற்றவர்களின் கணக்கே, விநியோகமான ஒவ்வொரு 10 லட்சம் டோஸுக்கும் சுமார் ஒருவர் என்பதுதான். அந்த ஒருவராக நாம் ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் விஷயம்.

சரி, தோளில் என்ன ஆகிறது? ஊசி போக வேண்டிய இடம் டெல்டாய்டு தசை, அதாவது தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே இருக்கும் சதைப்பிடிப்பான பகுதி. அதற்கு மேலே போட்டால் மருந்து தசைக்குள் போகாமல் எலும்புக்கும் தசைநாருக்கும் இடையில் இருக்கும் பர்சா என்கிற மெல்லிய பையிலோ மூட்டுப் பகுதியிலோ இறங்கிவிடலாம். தடுப்பூசியின் வேலையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடுவது, அது தசைக்குள் நடந்தால் இரண்டு நாள் வலியோடு போய்விடும், மூட்டுக்குப் பக்கத்தில் நடந்தால் வீக்கம் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஊசி போடுகிறவர் நின்றுகொண்டும் நாம் உட்கார்ந்துகொண்டும் இருப்பது, சட்டைக் கையை மேலே சுருட்டாமல் கழுத்துப் பக்கத்திலிருந்து கீழே இழுத்துவிடுவது, இதெல்லாம் ஊசி மேலே ஏறிவிடக் காரணம். ஒல்லியான ஆளுக்கு நீள ஊசி போட்டாலும் ஆபத்துதான். இதற்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து சிர்வா (SIRVA, தடுப்பூசி போடுவதோடு தொடர்புடைய தோள் காயம்) என்கிறார்கள். அந்தப் பெயர் 2010-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் வந்தது, வேடிக்கை என்னவென்றால் அதை எழுதியவர்கள் இந்த நஷ்டஈட்டுத் திட்டத்தின் மனுக்களைப் படித்த அரசு மருத்துவர்களே. 13 பேரின் கோப்புகளை வைத்து எழுதினார்கள். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் "ஊசியை ரொம்ப மேலே போட்டார்கள்" என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்கும் அதேதான். ஒரு மருந்துக் கடையில் போட்டது, கடையின் பெயர் வேண்டாம். அன்று ராத்திரியே வலி, மறுநாள் கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. ஊசி போட்டால் வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள், கடைக்குப் போன் செய்தபோது அவர்களும் அதையே சொன்னார்கள், ஐஸ் வை என்றார்கள். வாரங்கள் போயின, வலி போகவில்லை. பின்னல் போட முடியாது, பிரா ஹூக் மாட்ட முடியாது, வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. எம்ஆர்ஐயில் பர்சாவில் வீக்கம், அப்புறம் தோள் இறுகிப்போய் பிசியோதெரபி, ஸ்டீராய்டு ஊசி என்று போனது. நல்லவேளை ஆபரேஷன் வரை போகவில்லை.

இப்போது சட்டம். 1980-களில் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) தடுப்பூசி சம்பந்தமாக வழக்கு மேல் வழக்கு வந்து, தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்ட ஆரம்பித்ததும், தடுப்பூசியே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1988 அக்டோபரில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தேசியத் தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டம், சுருக்கமாக விஐசிபி. பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா, ஒவ்வொரு டோஸிலும் அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட், தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசிக்கு 2.25 டாலர். அது ஒரு தனி நிதியில் போய்ச் சேர்கிறது, அதிலிருந்து இதுவரை 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ளூ ஊசி 2005-இல் இந்தத் திட்டத்துக்குள் வந்தது. ஊசி போட்ட யாரோ ஒரு பாவப்பட்ட பார்மசிஸ்ட்டின் வேலைக்கு உலை வைக்கிறோமோ என்று எனக்கும் உறுத்தல் இருந்தது, அந்தக் கவலையே தேவையில்லை. எதிர்மனுதாரர் சுகாதாரத் துறைச் செயலர், அவர் சார்பில் வாதாடுவது நீதித் துறை வக்கீல்கள். யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், 1,000 டாலருக்கு மேல் கேட்பதானால் முதலில் இங்கே மனு போடாமல் ஊசி போட்டவர் மேல் நேரடியாக வழக்குப் போடவே சட்டம் விடாது.

எந்த ஊசிக்கு எந்தக் காயம் என்று இந்தத் திட்டம் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது, சிர்வா 2017 மார்ச்சில் அதில் சேர்ந்தது. அட்டவணையில் இருந்தால் என்ன லாபம் என்றால், சொன்ன நிபந்தனைகள் பொருந்திவிட்டால் "ஊசியால்தான் ஆனது" என்று நாம் விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்க வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்வார்கள். நிபந்தனைகள் இவை: அந்தத் தோளில் முன்பே வலியோ வீக்கமோ இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி ஆரம்பித்திருக்க வேண்டும். வலியும் அசைக்க முடியாமையும் ஊசி போட்ட அந்தத் தோளோடு நின்றிருக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் அதை விளக்கக் கூடாது. இதோடு, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் தங்கி ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். முதல் அறிகுறி வந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஊசி போட்ட நாளிலிருந்து, கண்டுபிடித்த நாளிலிருந்து என்றெல்லாம் இல்லை, முதல் அறிகுறி. இந்தத் தேதி தாண்டினால் கதவு சாத்தியாகிவிடும்.

படிக்க எளிதாக இருக்கிறதல்லவா? கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த நிபந்தனைகளில் இல்லை, டாக்டரின் குறிப்பில் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். மனுதாரர் வெறும் வாயால் சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, மருத்துவப் பதிவு வேண்டும் அல்லது மருத்துவர் கருத்து வேண்டும். நம் ஆட்கள் டாக்டரிடம் எப்படிப் பேசுவோம்? உள்ளே போனதும் முதலில் சர்க்கரை, கொலஸ்ட்ரால், அப்புறம் கிளம்பும்போது வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "அப்புறம் இந்தக் கைகூட ரெண்டு மாசமா கொஞ்சம் வலிக்குது டாக்டர்." டாக்டர் அதை அப்படியே "தோள் வலி, இரண்டு மாதமாக, மெல்ல ஆரம்பித்தது" என்று டைப் பண்ணிவிடுவார். ஊசி போட்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். இரண்டு வருஷம் கழித்து நீதித் துறை வக்கீல் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு, வலி ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஆரம்பித்ததாக உங்கள் டாக்டரே எழுதியிருக்கிறாரே என்பார். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், பிசியோதெரபிஸ்ட் உட்பட, முதல் வாக்கியமாக "இந்தத் தேதியில், இந்தக் கையில் ஃப்ளூ ஊசி போட்டேன், அன்றிலிருந்து வலி" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து டாக்டரின் ஆன்லைன் போர்ட்டலில் குறிப்பைத் திறந்து பாருங்கள், தவறாக இருந்தால் அன்றே மெசேஜ் போடுங்கள்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. நாள் முழுக்க மானிட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி என்று என்றைக்கோ டாக்டரிடம் போயிருப்பீர்கள். ஊசிக்கு முந்தைய மூன்று வருஷப் பதிவுகளையும் கேட்பார்கள், அதில் அந்தக் கழுத்து வலி வரும். கழுத்து நரம்பு அழுத்தத்தால் கைக்குப் போகும் வலி என்றால் அது "வேறு காரணம்" ஆகிவிடும். வலி எங்கே என்று டாக்டர் கேட்டால் "இந்தப் பக்கம் பூராவும்" என்று கையைக் கழுத்திலிருந்து முழங்கை வரை தடவிக் காட்டாதீர்கள், எங்கே இருக்கிறதோ அங்கே விரலை வைத்துக் காட்டுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. கழுத்தில் நிஜமாகவே வலி இருந்தால் அதையும் சொல்ல வேண்டியதுதான், ஆனால் இரண்டையும் தனித்தனியாக. சர்க்கரை நோய் இருந்தாலும் இதே மாதிரி ஒரு வம்பு உண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் தானாகவே இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம், அரசுத் தரப்பு அதைக் கிளப்பலாம். அட்டவணை நிபந்தனை பொருந்தாவிட்டால் எல்லாம் போயிற்று என்றில்லை, ஊசிதான் காரணம் என்று நிபுணரை வைத்து நிரூபிக்கும் வழி இருக்கிறது, ஆனால் அது நீண்ட பாதை.

என் கேஸில் இரண்டு சிக்கல். ஒன்று, கடையின் பதிவில் "இடது கை" என்று இருந்தது. எனக்குப் போட்டது வலது கை. தலை சுற்றிவிட்டது. வக்கீல் அம்மா சிரித்தார், கம்ப்யூட்டரில் முன்கூட்டியே இடது என்று நிரப்பி வைத்திருப்பார்கள், யாரும் மாற்றுவதில்லை, ஸ்பெஷல் மாஸ்டர்கள் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள், உன் டாக்டர் குறிப்புகள் எல்லாமே வலது என்று ஒரே குரலில் சொல்கின்றன அல்லவா, அது போதும் என்றார். (ஸ்பெஷல் மாஸ்டர் என்பவர்தான் இங்கே நீதிபதி மாதிரி. ஜூரி கிடையாது.)

இரண்டாவது, 48 மணி நேரம். நான் டாக்டரிடம் போனதே பல வாரம் கழித்து. அது மட்டும் ஒரு கேஸைக் கொன்றுவிடாது, ஊசிக்குப் பிறகு வலி சகஜம் என்று எல்லோரும் நினைத்துக் காத்திருப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். பதிவில் இல்லாவிட்டாலும், தவறாகவே பதிவாகியிருந்தாலும், வேறு சான்று இருந்தால் வலி உரிய நேரத்தில் ஆரம்பித்தது என்று ஸ்பெஷல் மாஸ்டர் முடிவு செய்யலாம் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சான்று எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? கொலுவிலிருந்து. நவராத்திரி ஆரம்பிக்கும் சமயத்தில்தான் ஊசி போட்டிருந்தேன். மறுநாள் டல்லாஸில் இருக்கும் என் அக்காவுக்கு "நேத்து ஊசி போட்டதுல கை மேலேயே ஏற மாட்டேங்குது, மேல் படியில பொம்மையை அவரை வெச்சுத்தான் அடுக்கச் சொன்னேன்" என்று வாட்ஸ்அப்பில் புலம்பியிருந்தேன். கூடவே பொம்மைகளைத் தப்புத்தப்பாக அடுக்கி வைத்திருந்த போட்டோ, தசாவதாரத்தில் நரசிம்மருக்கு அப்புறம் நேராகக் கிருஷ்ணர். தேதியும் நேரமும் பதிந்த செய்தி. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்து வாஷிங்டனில் இருக்கும் ஒரு நீதிமன்றத்தில் சான்றாகத் தாக்கல் செய்தோம். என் கணவர், அக்கா, ஆபீஸில் என் பக்கத்து இருக்கைத் தோழி மூவரும் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார்கள். பழைய போனை மாற்றும்போது சாட்டை அழித்துவிடாதீர்கள், இவ்வளவுதான் சொல்வேன்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனு போவது கோரிக்கைகளுக்கான கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு. நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அங்கேதான், வக்கீலும் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, எல்லாம் போனிலும் மெயிலிலும் நடக்கும். மருத்துவப் பதிவு, ஊசிப் பதிவு, வாக்குமூலம் எல்லாம் சேர்த்துப் போட வேண்டும். சிர்வா மாதிரி கேஸ்களை 2014-இலிருந்து ஒரு தனிப் பிரிவு விரைவாகப் பார்க்கிறது, விரைவு என்று அவர்கள் சொல்வது நம் கணக்கில் இல்லை, வருஷங்கள் ஆகும். சுகாதாரத் துறை மருத்துவர்கள் கோப்பைப் படிப்பார்கள், அப்புறம் அரசுத் தரப்பு அறிக்கை வரும். ஒத்துக்கொண்டால் தொகை மட்டும்தான் பாக்கி. ஒத்துக்கொள்ளாவிட்டால் சமரசம் பேசலாம், இல்லை தீர்ப்புக்கு விடலாம். இந்தத் திட்டத்தில் கொடுக்கப்படும் நஷ்டஈடுகளில் சுமார் 60 சதவீதம் சமரசத்தில் முடிந்தவை, அதில் ஊசியால்தான் ஆனது என்று அரசு ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை. தொகையில் மட்டும் உடன்படாத சிர்வா கேஸ்களில் ஸ்பெஷல் மாஸ்டர் வீடியோவில் இரு தரப்பையும் கேட்டுச் சட்டென்று முடிவு சொல்வதும் உண்டு.

வக்கீல் கட்டணம் பற்றித்தான் எல்லோரும் நம்பாமல் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். கேஸ் நல்லெண்ணத்தோடும் நியாயமான ஆதாரத்தோடும் போடப்பட்டிருந்தால், தோற்றால்கூட வக்கீல் கட்டணத்தைத் திட்டமே கொடுக்கும். உங்களுக்குக் கிடைத்த தொகையில் அவர் ஒரு பைசா எடுக்கக் கூடாது, சட்டம் அதைத் தடுக்கிறது. கார் விபத்து கேஸ் மாதிரி மூன்றில் ஒரு பங்கு கிடையாது. யாராவது அப்படிக் கேட்டால் அவருக்கு இந்த நீதிமன்றம் தெரியாது என்று அர்த்தம், வேறு ஆளைப் பாருங்கள். எங்கள் ஊரிலேயே ஒரு விபத்து வக்கீல் என்னிடம் அப்படித்தான் ஆரம்பித்தார்.

பணம் எவ்வளவு? என் தொகையை எழுத மாட்டேன், அதை விட்டுவிடுங்கள். வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். 1986-இல் போட்ட வரம்பு, இன்றுவரை விலைவாசிக்கு ஏற்ப ஒரு டாலர் ஏறவில்லை. 1986-இன் இரண்டரை லட்சமும் இன்றைய இரண்டரை லட்சமும் ஒன்றா, இதைக் கேட்க யாரும் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆத்திரம். தோள் கேஸ்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெகு கீழே முடிகின்றன. ஆபரேஷன் இல்லாதவை ஐந்து இலக்கத்தில், ஆபரேஷன் ஆனவை சில சமயம் ஒரு லட்சத்தைத் தாண்டும். கைக்காசாகச் செலவான மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தனி, அவற்றுக்குக் காகிதம் வேண்டும். சிகிச்சையில் இடைவெளி விழுந்தால் தொகை குறையும். இன்சூரன்ஸ் கொடுக்கும் பிசியோதெரபி நாட்கள் தீர்ந்து நிறுத்தியிருப்போம், "குணமாகிவிட்டது, அதனால் நிறுத்தினார்" என்று எதிர்த்தரப்பு படிக்கும். நிறுத்தும்போது ஏன் நிறுத்துகிறோம் என்று குறிப்பில் வரும்படி சொல்லிவிடுங்கள்.

இந்தத் தோள் கேஸ்களை அட்டவணையிலிருந்தே தூக்கிவிட அரசு ஒரு தடவை பார்த்தது. 2020 ஜூலையில் முன்மொழிந்து, 2021 ஜனவரியில், ஆட்சி மாறிய அந்த வாரத்தில், இறுதி விதியாகவும் வெளியிட்டார்கள். அவர்கள் வாதம், இது ஊசி மருந்தால் வருவதில்லை, ஊசி போடும் விதத்தால் வருவது, திட்டம் தடுப்பூசிக் காயத்துக்குத்தான். புதிதாக வரும் மனுக்களில் ஏறக்குறைய பாதி தோள் கேஸ் என்ற எரிச்சலும் அதில் இருந்தது. புதிய நிர்வாகம் 2021 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றது. அந்த வாதத்தில் துளி நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், போடும் விதம்தான் காரணம் என்பது உண்மையே. ஆனால் தூக்கிவிட்டால் நடப்பது என்ன? ஒவ்வொருவரும் தன் ஊர் மருந்துக் கடை மேல், தன் ஊர் நர்ஸ் மேல் வழக்குப் போடுவார்கள், அப்புறம் எந்தக் கடை ஊசி போட முன்வரும். இந்தச் சட்டம் எதற்காக வந்ததோ அதற்கே வேட்டு.

கோவிட் ஊசியால் தோள் போனது என்று கேட்பவர்களுக்கு: அது இந்தத் திட்டத்தில் இல்லை. வேறு ஒரு திட்டம் இருக்கிறது, அதில் ஊசி போட்ட நாளிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு, வலிக்கும் வேதனைக்கும் பணம் கிடையாது, வக்கீல் கட்டணமும் கிடையாது. ஒரே நாளில் ஒரு கையில் ஃப்ளூ, மறு கையில் கோவிட் போட்டவர்கள் எந்தக் கையில் எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அது பெரிய வித்தியாசம்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், அரசாங்கத்தின் மேலேயே கேஸ் போட்டால் கிரீன் கார்டு மாட்டிக்கொள்ளாதா என்று ஒரு தம்பி கேட்டார். ஊசி அமெரிக்காவில் போட்டதா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது, குடியுரிமை நிபந்தனை எதுவும் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புகள் பொதுவில் வெளியாகும், உங்கள் பெயரோடு. பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் போட வேண்டும் என்றால் தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் மனு செய்ய வேண்டும், அதுவும் கேட்டவுடன் கிடைத்துவிடாது.

விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்கு இங்கே ஃப்ளூ ஊசி போட்டுவிட்டு அம்மாவுக்குக் கை தூக்க முடியவில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவரும் மனு போடலாம், ஊசி இங்கே போட்டதுதானே. பிரச்சினை வேறு இடத்தில். அம்மா இரண்டு மாதத்தில் சென்னைக்குத் திரும்பிவிடுவார், ஆறு மாதம் நீடித்தது என்பதற்கு அங்கே இருக்கும் டாக்டர்தான் சாட்சி, அவர் கொடுக்கும் சீட்டில் மாத்திரைப் பெயரும் "ஒரு வாரம் கழித்து வரவும்" என்பதும் மட்டும்தான் இருக்கும். ஊருக்குப் போனதும் எலும்பு மருத்துவரிடம் போய், ஊசி போட்ட தேதி, எந்தக் கை, எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது என்று லெட்டர்பேடில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் பதிவு எண்ணும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தடவை இல்லை, போகும் ஒவ்வொரு தடவையும். பிசியோதெரபி போனால் பில்லோடு வருகைப் பதிவையும். ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டை அன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள், அம்மா அதை எந்தப் பையில் வைத்தார் என்று ஒரு வருஷம் கழித்துத் தேட முடியாது.